"குறியீடற்ற ஆர்என்ஏ" என்று எழுதிப் போட்டுவிட்டு, அதிலிருந்தே நச்சு வருகிறது என்று எப்படிப் பாடம் நடத்துவது?

கதிர்_நெல்லை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை நுண்ணுயிரியல் வகுப்பில் நேற்று சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஏஜிஆர் என்ற மரபணுத் தொகுதி தன் இனத்தின் கூட்டத்தை எப்படி உணர்கிறது, கூட்டம் பெருகியதும் ஆர்என்ஏ-3 என்ற 514 நியூக்ளியோடைடு நீள ஆர்என்ஏ எப்படி எழுகிறது என்று வரிசையாகச் சொல்லி, "இது புரதம் எதையும் குறிக்காத, பிற மரபணுக்களை நெறிப்படுத்துகிற ஆர்என்ஏ" என்று கரும்பலகையில் எழுதினேன். சற்றுப் பொறுத்து, "ரத்த அணுக்களைக் கரைக்கும் டெல்டா ஹீமோலைசின் என்ற 26 அமினோ அமில நச்சும் இதே ஆர்என்ஏவிலிருந்துதான் வருகிறது" என்றேன். கடைசி வரிசை மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, முதலில் எழுதியதை அழிப்பதா, இப்போது சொன்னதை அழிப்பதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதோடு எனக்கே நெடுநாளாக இருக்கும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன். நெறிப்படுத்தும் வேலைக்குப் புரதங்கள் ஏராளமாக இருக்கும்போது பாக்டீரியா எதற்கு ஆர்என்ஏவைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது? "வேகம்" என்ற ஒற்றைச் சொல்லோடு பாடநூல் நகர்ந்துவிடுகிறது. வகுப்பில் சொல்லும்படியாக யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மீனா_ஆர்என்ஏ எழுதியது:

கதிர் ஐயா, இரண்டையும் அழிக்க வேண்டாம். நான் எட்டு ஆண்டுகளாகச் சிறு ஆர்என்ஏக்களோடுதான் வேலை செய்கிறேன், அந்த மாணவியின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நியூயார்க்கில் ரிச்சர்ட் நோவிக் குழு 1993-இல் காட்டியது இதுதான்: டெல்டா நச்சு உருவாகாதபடி அதன் குறியீட்டைக் கெடுத்துவிட்டாலும் ஆர்என்ஏ-3 மற்ற மரபணுக்களைத் தொடர்ந்து நெறிப்படுத்துகிறது. நச்சைக் குறிப்பது சின்னஞ்சிறு பகுதி. மீதி நீளம் முழுவதும் கொண்டைகளாகவும் வளையங்களாகவும் மடிந்து வேறு வேலை பார்க்கிறது.

அந்த வேறு வேலையைப் பலகையில் வரைந்து காட்டலாம். இதே கிருமியின் இன்னொரு நச்சு ஆல்ஃபா. அதன் தூது ஆர்என்ஏ (புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குச் செய்தி கொண்டுபோவது) தனியாக இருக்கும்போது தன் மேலேயே மடிந்து, ரைபோசோம் வந்து உட்காரும் இடத்தை மறைத்துக்கொள்கிறது. ஆர்என்ஏ-3-இன் முன்பகுதி அந்த மடிப்பின் ஒரு பக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து (காரத்துக்குக் காரம்) இணைகிறது. மடிப்பு அவிழ்கிறது, இடம் வெளிப்படுகிறது, ரைபோசோம் உட்கார்ந்து நச்சைத் தயாரிக்கிறது. இது திறக்கும் வேலை.

அடைக்கும் வேலை புரதம்-ஏ விஷயத்தில் நடக்கிறது. நம் ஆன்டிபாடிகளை வால் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அவை வேலை செய்ய முடியாதபடி ஆக்கும் புரதம் அது. அதன் தூது ஆர்என்ஏவில் ரைபோசோம் உட்காரும் இடம் ஜி எழுத்துகள் மிகுந்தது. ஆர்என்ஏ-3-இன் கொண்டை வளையங்களில் சி எழுத்துகள் மிகுதி. வளையம் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு ஆர்என்ஏஸ்-3 என்ற நொதி இரண்டும் சேர்ந்த இடத்தை வெட்டிவிடுகிறது (இரண்டு பெயரிலும் மூன்று வருவது தற்செயல், மாணவர்கள் குழம்புவார்கள்). நச்சுகளை அடக்கி வைக்கும் ராட் என்ற புரதத்தின் தூது ஆர்என்ஏவையும் இதே வழியில் அடைக்கிறது. அடக்குபவரை அடக்கினால் நச்சுகள் பல எழும்.

ஆக ஒரே மூலக்கூறு ஒரு கதவைத் திறக்கிறது, இன்னொன்றைச் சாத்துகிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒட்டிக்கொள்ளவும் ஒளிந்துகொள்ளவும் வேண்டிய புரதங்கள். பெருகிய பின் திசுவை உடைக்கும் நச்சுகள். அந்த மாற்றம் நிகழும் நேரத்தை வகுப்பது இந்த ஆர்என்ஏ.

உங்கள் இரண்டாவது கேள்வி: பெரும்பாலான சிறு ஆர்என்ஏக்கள் 50 முதல் 500 நியூக்ளியோடைடு வரை. படியெடுத்த உடனே வேலைக்கு வந்துவிடும்; புரதமாக மொழிபெயர்த்து, மடித்து, காத்திருக்க வேண்டியதில்லை. இலக்கோடு சேர்ந்து தானும் அழிந்துவிடுவதால் சமிக்ஞை நின்ற சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வேதிவேல் எழுதியது:

மீனா அவர்களின் கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம் வேண்டும். வேகமாக அழிவதைக் காரணமாகச் சொல்கிறீர்கள். ஆனால் இந்த உரையாடலின் நாயகனான ஆர்என்ஏ-3 அப்படிப்பட்டதல்லவே. ரிஃபாம்பிசின் போட்டுப் படியெடுத்தலை நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் நிலைத்து நிற்கிறது. நான் மருந்து வேதியியல் பக்கம் இருப்பவன், இலக்கு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

மீனா_ஆர்என்ஏ எழுதியது:

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது ஈ. கோலை, சால்மொனெல்லா, விப்ரியோ போன்றவற்றில் ஹெச்எஃப்க்யூ என்ற வளையப் புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஆர்என்ஏக்களுக்குப் பொருந்தும். அங்கே பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று கணக்கு: ஒரு சிறு ஆர்என்ஏ ஒரு தூது ஆர்என்ஏவைக் கூட்டிக்கொண்டு போய் அழிகிறது. டெரன்ஸ் ஹ்வா குழு 2007-இல் இதை அளந்து காட்டியது. சிறு ஆர்என்ஏ மிஞ்சி இருக்கும்வரை இலக்குப் புரதம் ஏறக்குறைய வருவதே இல்லை. இலக்கின் படியெடுப்பு அந்த அளவைத் தாண்டியதும் நேர்க்கோட்டில் ஏறுகிறது. ஒரு புரத ஒடுக்கியால் இவ்வளவு கூர்மையான வாசலை அமைப்பது எளிதல்ல. "வேகம்" என்பதைவிட வகுப்பில் இதைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அகார்த்தட்டு எழுதியது:

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். மூலக்கூறு அளவில் பேசுகிறீர்கள், நான் தட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எலும்புத் தொற்றோடு மாதக்கணக்கில் வரும் நோயாளியின் சீழை ஆட்டு ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில்) தேய்த்து ஒரு இரவு 37 டிகிரியில் வைத்தால், சில சமயம் மறுநாள் காலை இரண்டு விதமான காலனிகள், அதாவது கிருமித் திட்டுகள், நிற்கும். ஒன்று பொன்னிறம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுற்றிலும் ரத்தம் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்த வளையம். பக்கத்திலேயே இன்னொன்று, வளையமே இல்லாமல் சிவப்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான், கோயாகுலேஸ் சோதனையில் இரண்டுமே ரத்த பிளாஸ்மாவை உறையவைக்கும். இரண்டாவதில் ஏஜிஆர் கெட்டுப்போயிருக்கும், ஆர்என்ஏ-3 எழாது.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், வளையம் இல்லாத காலனியை "கலப்படம்" என்று எழுதித் தட்டைத் தூக்கிப்போடுவதே வழக்கமாக இருந்தது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன், இன்றும் அது என்னை உறுத்துகிறது. ஏஜிஆர் செயலிழந்த வகைகள் ரத்தத்தில் நாள்கணக்கில் நீடிக்கும் தொற்றுகளில் எடுக்கப்பட்டிருக்கின்றன. நச்சு குறைவு என்பதால் அவை சாது ஆகிவிடுவதில்லை. புரதம்-ஏ அடங்காமல் இருக்கிறது, கிருமிகள் ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்ப்படலம் தடிக்கிறது, உடலுக்குள் நிலையாகத் தங்கிவிடுகின்றன.

கதிர் அவர்களே, "ஆர்என்ஏ-3 எழுந்தால் நோய், எழாவிட்டால் நோய் இல்லை" என்று மட்டும் மாணவர்கள் மனத்தில் பதியவிடாதீர்கள். எழுந்தால் ஒரு விதமான நோய், எழாவிட்டால் வேறு விதமான நோய்.

வேதிவேல் எழுதியது:

டாக்டர் சொன்னது என் தயக்கத்தை உறுதிப்படுத்துகிறது. "சிறு ஆர்என்ஏவைத் தடுத்தால் கிருமியைக் கொல்லாமலே அடக்கிவிடலாம், எதிர்ப்புத்திறனும் வராது" என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறேன். ஆர்என்ஏ-3-ஐத் தடுக்கும் மருந்து ஒன்று கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடும் தோல் தொற்றில் அது உதவலாம். எலும்பிலும் இதய வால்விலும் நாமே அந்த வளையமில்லாக் காலனியை உண்டாக்கி வைக்க மாட்டோமா?

ஆர்என்ஏவை மருந்தால் பிடிக்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2015-இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் ரைபோசில் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் பி2-விலிருந்து வரும் எஃப்எம்என்-ஐ உணரும் ஆர்என்ஏ சுவிட்சில் போய் அது உட்கார்ந்தது, எலிகளில் ஈ. கோலை எண்ணிக்கையைக் குறைத்தது. ஆனால் எதிர்ப்புத்திறன் கொண்ட விகாரிகளும் வந்தன, மாற்றங்கள் அந்த ஆர்என்ஏ சுவிட்சிலேயே இருந்தன. அது தூது ஆர்என்ஏவுக்குள்ளேயே இருக்கும் சுவிட்ச், அதில் மருந்து நுழைய ஆழமான குழி இருக்கிறது. இன்னொரு ஆர்என்ஏவைத் தேடிப் போய் இணையும் நெறியாளர்களில் அப்படிப்பட்ட குழி கிடைப்பது அரிது.

கதிர்_நெல்லை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று காலை வகுப்பில் திறக்கும் வேலையையும் அடைக்கும் வேலையையும் இரண்டு நிறச் சுண்ணக்கட்டியில் வரைந்தேன். கேள்வி கேட்ட மாணவி குறிப்பேட்டில் படத்தை வரைந்துகொண்டு அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார்: "அப்படியானால் எல்லாக் கிருமிகளும் கூட்டம் சேரும்வரை பதுங்கி, சேர்ந்ததும் தாக்குமா?" ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், காலரா நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். அங்கே நேர்மாறு என்று படித்த ஞாபகம். மீனா, சற்று விரித்துச் சொல்ல முடியுமா?

மீனா_ஆர்என்ஏ எழுதியது:

காலரா எனக்கு மிகவும் நெருங்கிய பாடம், கொஞ்சம் நீளும்.

விப்ரியோ காலரே சிறுகுடலுக்குள் நுழையும்போது எண்ணிக்கையில் குறைவு. வயிற்றின் அமிலத்தில் பெரும்பகுதி மாண்டுபோயிருக்கும். பிழைத்தவை ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சமிக்ஞை மூலக்கூறுகள் அப்போது சுற்றுப்புறத்தில் அரிது. அந்த அமைதியை உணரும் சவ்வுப் புரதங்கள் உள்ளே லக்ஸ்ஓ என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய லக்ஸ்ஓ நான்கு சிறு ஆர்என்ஏக்களைப் படியெடுக்கச் செய்கிறது: க்யூஆர்ஆர் 1, 2, 3, 4. பிரின்ஸ்டனில் போனி பாஸ்லர் குழு 2004-இல் வெளியிட்டது இது.

அந்த நான்கும் ஹெச்எஃப்க்யூவின் துணையோடு ஹாப்ஆர் என்ற புரதத்தின் தூது ஆர்என்ஏவைப் பிடித்து அழிக்கின்றன. ஹாப்ஆர்தான் காலராக் கிருமிக்குள் "போதும், கிளம்பு" என்று சொல்லும் புரதம். அது இல்லாத நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் இழைகளும் நச்சும் உயிர்ப்படலமும் தடையின்றி உருவாகின்றன. அதாவது கூட்டம் குறைவாக இருக்கும்போதே தாக்குதல்.

பெருகிய பிறகு சமிக்ஞைகள் நிறைகின்றன, லக்ஸ்ஓ பாஸ்பேட்டை இழக்கிறது, க்யூஆர்ஆர் நிற்கிறது, இருந்தவை இலக்கோடு சேர்ந்து கரைகின்றன, ஹாப்ஆர் எழுகிறது. நச்சு மரபணுக்களை அது அடக்குகிறது, உயிர்ப்படலத்தை நிறுத்துகிறது, பிணைப்பை அறுக்கும் புரோட்டியேஸ் நொதியை எழுப்புகிறது. நோயாளியிடமிருந்து அரிசி கழுவிய நீர்போல் வெளியேறும் வெள்ளத்தோடு கிருமியும் வெளியேறி அடுத்த ஆளைத் தேடிப் போகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு கிருமிகளின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் சீழ்க்கட்டிக்குள் அடைபட்டிருக்கிறது; உடைத்துக்கொண்டு வெளியேற நச்சு வேண்டும். காலராக் கிருமிக்கு வெளியே போகும் வழி திறந்தே இருக்கிறது. குடலில் கால் ஊன்றத்தான் நச்சும் இழையும் வேண்டும். கூட்டத்தை எண்ணுவது இரண்டிலும் உண்டு, எண்ணி முடித்ததும் செய்யும் வேலைதான் எதிரெதிர்.

நான்கு எதற்கு என்று கேட்பார்கள். காலராக் கிருமியில் நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், மற்றவை ஈடுகட்டிவிடும். இதன் உறவினரான விப்ரியோ ஹார்வேயில் ஐந்து உண்டு, அங்கே ஒவ்வொன்றும் தன் பங்கைக் கூட்டுகிறது. ஒரே குடும்பத்தில் ஒரே கருவியை இப்படி இரண்டு விதமாகப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அகார்த்தட்டு எழுதியது:

காலரா என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நச்சைக் கொல்கத்தாவில் சம்புநாத் தே 1959-இல் நிறுவினார், முயலின் குடல் வளையத்தில் நீர் தேங்குவதைக் காட்டி. அவர் பெயரைப் பாடத்தில் சேருங்கள். இன்னொன்று, ஓ139 என்ற புதிய வகை 1992-இன் பிற்பகுதியில் முதலில் தலைகாட்டியது நம் சென்னையில், அப்போது மெட்ராஸ். அங்கிருந்து கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. கடும் காலரா நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழப்பார். க்யூஆர்ஆர் எப்படி வேலை செய்தாலும் உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும், தேவைப்பட்டால் நரம்பு வழி நீரும்தான். மாணவர்கள் மூலக்கூறைப் படிக்கும் அன்றே இதையும் படிக்க வேண்டும்.

இளம்பரிதி எழுதியது:

வணக்கம், நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். மீனா அக்கா சொன்னதைப் படித்துவிட்டு 2000-இல் வெளியான என்16961 வகையின் முழு மரபணுத் தொகுதியில் ஹாப்ஆர் மரபணுவைத் தேடிப் பார்த்தேன். அதில் மரபணு எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் விலகியிருக்கிறது, முழுப் புரதம் வராது. உலகம் முழுவதும் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் வகையிலேயே ஹாப்ஆர் இல்லை என்றால், க்யூஆர்ஆர் எதை அழிக்கிறது? அந்தக் கிருமி நோயை உண்டாக்கத்தானே செய்கிறது?

மீனா_ஆர்என்ஏ எழுதியது:

தம்பி, தேடிப் பார்த்தாயே, அதற்கே பாராட்டு. ஆம், என்16961-இல் ஹாப்ஆர் செயலிழந்தது. நோயாளிகளிடமிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் எடுத்த வேறு பல வகைகளிலும் அப்படி உண்டு. அதனால்தான் கூட்டம் உணர்தல் சோதனைகளை ஹாப்ஆர் நன்றாக இருக்கும் சி6706 போன்ற வகைகளில் செய்கிறார்கள். எந்த வகையில் செய்த சோதனை என்பதைப் பார்க்காமல் ஒரு கட்டுரையை நம்பாதே.

அத்தோடு, க்யூஆர்ஆருக்கு இலக்கு ஹாப்ஆர் மட்டும் இல்லை. நச்சுக்கு முதல் படியான ஆஃப்ஏ புரதத்தின் தூது ஆர்என்ஏவோடு நேரடியாக இணைந்து அதன் மொழிபெயர்ப்பைத் தூண்டுகிறது. ஹாப்ஆர் போனாலும் அந்தக் கை மிச்சம் இருக்கிறது. ஆனால் ஹாப்ஆர் இல்லாத வகை "கிளம்பு" என்ற கட்டளையைக் கேட்காது. நான் மேலே எழுதிய அழகான சுழற்சி அத்தகைய வகைகளில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இளம்பரிதி எழுதியது:

நன்றி அக்கா. காசநோய்க் கிருமியிலும் இவை உண்டா? அதில் ஹெச்எஃப்க்யூ இல்லை என்று படித்தேன்.

மீனா_ஆர்என்ஏ எழுதியது:

உண்டு. ஹெச்எஃப்க்யூ இல்லாத கிருமிகள் பல. காசநோய்க் கிருமியில் எம்ஆர்எஸ்ஐ என்ற சிறு ஆர்என்ஏ இரும்பு குறையும்போது எழுந்து, இரும்பைச் சேமிக்கும் புரதம் போன்றவற்றை அடக்குகிறது, 2018-இல் வெளிவந்தது. எம்சிஆர்7 என்று இன்னொன்று, ஃபோப் என்ற நெறியாளர் புரதத்தின் கீழ் வருவது. புரதங்களை வெளியே அனுப்பும் டாட் பாதையின் அளவை மாற்றுகிறது. ஃபோப் நீக்கப்பட்ட கிருமிதான் எம்டிபிவாக் என்ற தடுப்பூசி முயற்சியின் அடிப்படை என்பதால் இது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை.

ஹெச்எஃப்க்யூ இல்லாத இன்னொரு கிருமி தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ். அதன் சிறு ஆர்என்ஏக்களை வரிசைப்படுத்தியபோதுதான் இமானுவேல் ஷார்பென்டியே குழுவும் யோர்க் ஃபோகல் குழுவும் ட்ரேசர் ஆர்என்ஏவைக் கண்டார்கள், 2011. டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கத்தரிக்கு வழிகாட்டி ஆர்என்ஏவைத் தயார்செய்வது அதுதான் என்று தெரிந்தது. 2020 வேதியியல் நோபலுக்குப் போன வழியில் இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு படி. ஒரு நோய்க்கிருமியின் சிறு ஆர்என்ஏக்களை எண்ணிப் பார்த்ததால் வந்தது!

வேதிவேல் எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். மருந்தாக வருமா என்பதில்தான் எனக்குக் கேள்வி, படிக்கத் தகுந்ததா என்பதில் இல்லை. மாசயோரி இனோயே குழு ஈ. கோலையில் மிக்எஃப் ஆர்என்ஏவை 1984-இல் காட்டியது. அங்கங்கே ஒன்றிரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தவை, 2001-இல் மரபணு முழுவதும் சல்லடை போட்ட பிறகு கொத்தாகக் கிடைத்தன. அவ்வளவு நாள் மரபணுக்களின் இடைவெளியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

அகார்த்தட்டு எழுதியது:

கதிர் அவர்களே, அந்த மாணவிக்கு ஒரு தட்டு காட்டலாம். எங்கள் ஆய்வகத்தில் ஆர்என்4220 என்ற வகை இருக்கிறது. அது பீட்டா ஹீமோலைசினை மட்டும் உண்டாக்கும். ஆட்டு ரத்த அகாரில் அதை நடுவே ஒரு கோடாக இழுங்கள். நோயாளியின் வகையை அதற்குச் செங்குத்தாக, தொடாமல், சின்ன இடைவெளி விட்டு இழுங்கள். 37 டிகிரியில் ஒரு இரவு. பிறகு சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில், பீட்டா குளிரில்தான் முழுதாகத் தெளியும். பீட்டாவின் பரப்புக்குள் நோயாளியின் கோடு நுழையும் இடத்தில் பளிச்சென்று ஒரு தெளிவு தெரிந்தால் அது டெல்டா. பீட்டா எட்டாத மறுமுனையில் கோட்டைச் சுற்றிய வளையம் பெரும்பாலும் ஆல்ஃபா. பீட்டாவுக்கு அருகில் அது அடங்கிக் குறுகும். மாணவர்களை அழைத்து வாருங்கள், கையுறை போட்டு, மூடிய தட்டை மட்டும் பார்க்கட்டும்.

கதிர்_நெல்லை எழுதியது:

சனிக்கிழமை பதினொரு பேரோடு போய் வந்தோம். டாக்டர் மூன்று கோடுகள் இழுத்து வைத்திருந்தார். இரண்டில் சந்திப்பில் தெளிவு, மறுமுனையில் வளையம். மூன்றாவதில் இரண்டுமே இல்லை. எலும்புத் தொற்று நோயாளியின் வளையமில்லாக் காலனி அது.

கேள்வி கேட்ட மாணவி தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சந்திப்பில் இருந்த தெளிவைக் காட்டி, "இது ஆர்என்ஏ-3 தானே குறித்த நச்சு" என்றார். விரலை மறுமுனைக்கு நகர்த்தி, "இது அது திறந்துவிட்ட நச்சு. ஐயா, இரண்டு வரியும் பலகையில் இருக்கட்டும்" என்றார். மூன்றாவது கோட்டைப் பற்றி டாக்டரிடம் அவர் கேட்ட கேள்விகளுக்கு இன்னொரு சனிக்கிழமை வேண்டும். போகிறோம்.